படத்தில் இருந்த மாதிரி இல்லை

சித்தூரில் என் அண்ணி பார்சல் பிரிக்க உட்கார்ந்தால் கையில் கத்தரிக்கோல் இருக்கும். எதிரே கைபேசியோடு மகனை நிறுத்தியிருப்பார். உறையைக் கத்தரிப்பதிலிருந்து துணியை உதறுவதுவரை அவன் நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும். திருப்பி அனுப்பும்போது "நீங்களே மாத்தி வெச்சிட்டீங்க" என்று எவரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? மூன்று வருஷத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதத்தில் அப்படிப் பிரித்தது ஒரு கலம்காரிப் புடவை. மடிப்பைக் கலைத்தார். முந்தானை ஓரத்தை விரலுக்குள் வைத்துக் கசக்கினார். பின்பக்கம் திருப்பினார், அங்கே சாயம் வெளிறிக் கிடந்தது. "படத்துல இருந்த மாதிரி இல்ல தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டு வாக்கியத்திலும் ஒரே சொல்தான் வேலை செய்கிறது. மாதிரி என்றால் ஒப்பு. மாதிரி என்றால் சரக்குக்கு முன்னால் வியாபாரி காட்டும் துண்டு. 'ஒரு மாதிரி' என்றால் காரணம் சொல்ல வராத ஒவ்வாமை. எதிர்பார்த்ததற்கும் கைக்கு வந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வாங்குபவரின் அதிருப்தி என்று ரிச்சர்டு ஆலிவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-ல் ஒரு கோட்பாடு வகுத்தார். நுகர்வோர் ஆய்வில் இன்றுவரை அதைத்தான் திருப்பித் திருப்பி எடுத்தாளுகிறார்கள். நமக்கு அந்த இடைவெளியை அளக்கும் கோல் பேச்சிலேயே இருக்கிறது.

சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் கூடவே வரும்: மோசம். தமிழில் தரம் கெட்டிருந்தாலும் மோசம்தான், ஏமாற்றினாலும் மோசம்தான். தெலுங்கில் மோசம் என்றால் வஞ்சனை. 1911-ல் வடஆற்காட்டிலிருந்து கணிசமான பகுதியைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டம் இது; இரண்டு மொழியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர். "துணி மோசம்" என்று தமிழ் வீட்டில் சொன்னால் அடுத்த வீட்டுத் தெலுங்குக் காதில் மோசடி என்று விழும். தரக்குறைவா, வஞ்சனையா என்ற இந்தக் குழப்பம் மொழியோடு நிற்பதில்லை. ஆன்லைனில் வாங்கி ஏமாந்தவர் ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் இதே குழப்பம்தான்.

அண்ணிக்கு வந்த புடவையின் உறையில் சூரத்து முகவரி இருந்தது. சூரத்தில் கிளம்பி, ஏதோ ஒரு கிடங்கில் இறங்கி, 517001 என்ற அஞ்சல் குறியீட்டைத் தேடிப் பல நூறு மைல் வந்திருக்கிறது. கலம்காரி என்ற பெயருக்குச் சொந்தமான ஊரோ அண்ணி மாதம் ஒருமுறை போய்வரும் திருப்பதியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தெலுங்கில் ஸ்ரீகாளஹஸ்தி, நமக்குத் திருக்காளத்தி, கண்ணப்பரின் ஊர். 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது அது சித்தூரிலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ராகு கேது பூஜைக்கு அந்த ஊருக்குப் போகாத குடும்பம் எங்கள் தெருவில் இல்லை. போனவர்களில் எத்தனை பேர் கலம்காரி எழுதுகிறவர்கள் வீட்டை எட்டிப் பார்த்தார்கள் என்றால், கை விரல்கள் மிச்சம்.

எழுதுகிறவர்கள் என்று சொன்னது தவறி வந்ததல்ல. கலம்காரி என்ற பெயர் பாரசீகம் வழியாக வந்தது: கலம் என்றால் பேனா. தெலுங்கில் அதற்கு முன்பே 'வ்ராதபனி' என்ற பெயர் உண்டு. எழுத்து வேலை என்று பொருள். தமிழிலும் சித்திரத்தை 'எழுதுவது' என்றுதான் சொல்லி வந்தோம். மூங்கில் குச்சியின் ஒரு முனையைச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டினால் பேனா தயார். சுற்றியிருக்கும் கம்பளி சாயத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் லேசாக அமுக்கினால் முனைக்கு இறங்கும்.

பருத்தித் துணியை முதலில் கஞ்சி போக அலசி, கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு எழுதும் சாயத்தைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்ளும். கடுக்காயின் துவர்ப்பு வேறு ஒரு வேலைக்கு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்த நீர்தான் கறுப்புச் சாயம். பானையில் இருக்கும்போது அது கறுப்பாக இராது. பேனாவிலிருந்து துணியில் படும்போது கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து, கண் முன்னால் கோடு கறுக்கும். முதலில் புளியங்குச்சிக் கரியால் வரைந்துகொண்டு அதன்மேல் இந்தக் கோட்டை எழுதுவார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீர் பூசி, பிறகு வேர்ச்சாயத்தில் துணியை வேகவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பூச்சு, ஒரு அலசல், ஒரு காயவைப்பு. ஓடும் தண்ணீரில் அலச வேண்டும் என்பதால் ஸ்வர்ணமுகி ஆறு இந்தத் தொழிலுக்குள்ளேயே ஓடியது. தேவாரத் தலங்களைத் தெரிந்தவர்களுக்கு அது பொன்முகலி. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்பது இந்தத் தொழிலின் தனிக் கவலை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வேலை அணையும் நிலைக்கு வந்திருந்தது. கைவினைகளை மீட்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியில் 1950களின் பிற்பகுதியில் திருக்காளத்தியில் ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து ஒரு புதிய தலைமுறை வந்தது. கலம்காரிக் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்பச் செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 'ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி' 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. கிருஷ்ணா மாவட்டத்து மசூலிப்பட்டினம், பெடனா பக்கத்துக் கலம்காரி வேறு, அங்கே மரஅச்சு. அதற்கும் தனிக் குறியீடு உண்டு.

இவ்வளவையும் ஒரு கைபேசிப் படம் எப்படிக் காட்டும்? புதிய கலம்காரித் துணியில் ஒருவிதப் பால்வாடையும் கடுக்காய் வாடையும் இருக்கும். சாயம் துணியின் இழைக்குள் இறங்கியிருப்பதால் பின்பக்கமும் உருவம் தெளிவாகத் தெரியும். ஒரு மயிலுக்கும் அடுத்த மயிலுக்கும் கழுத்து வளைவு கொஞ்சம் மாறும், கைதானே! அச்சிட்ட துணியில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒருமுறையோ இருபது அங்குலத்துக்கு ஒருமுறையோ அதே மயில் அதே மாதிரி திரும்பி வரும். படத்தில் வாடை இல்லை, பின்பக்கம் இல்லை. முந்தானையில் ஒரு பகுதிதான் தெரியும் என்பதால் மயில் திரும்பி வருவதும் தெரிவதில்லை.

திருப்பதி காந்தி ரோட்டிலோ சித்தூர் பஜார் தெருவிலோ ஜவுளிக்கடையில் ஒரு பெண்மணி புடவை எடுப்பதைப் பாருங்கள். கண் செய்வது பாதி வேலை. ஓரத்தைக் கசக்கி, விட்டு, சுருக்கம் எவ்வளவு நேரத்தில் விலகுகிறது என்று பார்ப்பார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்பார். டியூப் லைட்டை நம்பாமல் வாசல்வரை கொண்டுபோய் வெயிலில் பிடிப்பார். கூட வந்த நாத்தனார் தோளில் போட்டுப் பார்ப்பார். கடைக்காரரும் இதைத் தடுக்கமாட்டார். "வெளிச்சத்துல பாத்துக்கோங்கம்மா" என்று அவரே சொல்வார். தொட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாதவர்கள், தொடாமலே முடிவெடுப்பவர்கள் என்று மனிதர்களில் வேறுபாடு இருப்பதை ஜோன் பெக், டெர்ரி சில்டர்ஸ் என்ற இருவர் 2003-ல் ஓர் அளவுகோலாகவே வகுத்தார்கள். எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளில் கவுண்டருக்குப் பதிலாக மெத்தை விரித்திருப்பதற்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. ஆனால் அதே பெண்மணிதான் ராத்திரி பத்தரை மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு, ஆறு அங்குலத் திரையில் புடவை வாங்குகிறார். அந்த நேரத்தில் கைக்கு வேலை இல்லை, கட்டைவிரலுக்கு மட்டும்தான்.

பார்க்காமல் வாங்குவது புதிய பழக்கம் என்று நினைத்தால் தவறு. இந்தப் பகுதியின் சரித்திரமே தூரதேசத்தார் பார்க்காமல் வாங்கிய துணியின்மேல் எழுந்தது. டச்சுக்காரர்கள் 1610-ல் பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்ததும், ஆங்கிலேயர்கள் 1626-ல் பழவேற்காடு ஏரிக்கு வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் கிடங்கு போட்டதும் இந்தக் கரையின் சித்திரத் துணிக்காகத்தான். துர்க்கராயப்பட்டினத்தில் தலைவராக இருந்த பிரான்சிஸ் டே, நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே வந்தார். 1639-ல் அவருக்குச் சென்னைக் கடற்கரையைக் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருக்கு மேலே இருந்த விஜயநகர அரசர் பட்டம் சந்திரகிரியோடு சேர்ந்தது. திருப்பதியிலிருந்து அங்கே டவுன் பஸ்ஸில் போகலாம். தாமர்ல குடும்பம் பிற்பாடு காளஹஸ்தி ஜமீனாக இருந்தது. சென்னை பிறந்த கதையை நாம் கடலிலிருந்து சொல்லியே பழகிவிட்டோம். சந்திரகிரிக் கோட்டையிலிருந்து சொன்னால் அது ஒரு ஜவுளி ஒப்பந்தம்.

லண்டனில் இருப்பவர் திருக்காளத்திப் பக்கத்துத் துணியைப் பார்க்காமல் எப்படி நம்பி வாங்கினார்? மாதிரியை வைத்துத்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களில் அதற்கு 'மஸ்டர்' என்று பெயர். போர்ச்சுக்கீசிய 'மோஸ்த்ரா'விலிருந்து வந்தது. உள்ளூர் வியாபாரிகளோடு ஒப்பந்தம் போடும்போது இன்ன தரம், இன்ன நீளம், இன்ன சாயம் என்று ஒரு துண்டை முத்திரையிட்டுச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வைத்துக்கொள்வார்கள். துணிக் கட்டுகள் வந்ததும் அந்தக் கோட்டையில் தரம் பிரிக்கும் கிடங்கில் ஒவ்வொன்றையும் அந்தத் துண்டோடு வைத்துப் பார்ப்பார்கள். தரம் இறங்கினால் விலையில் பிடித்தம். ரொம்ப இறங்கினால் வியாபாரி தலையில் திருப்பிக் கட்டிவிடுவார்கள். அந்தப் பிடித்தம் வியாபாரியோடு நிற்காது, நெசவாளி, சாயக்காரர் கூலியில் போய் விழும். அந்த ஏற்பாட்டை நான் மெச்சவில்லை. இந்தக் கரையின் நெசவாளர்கள் அதனால் போதும் போதும் என்ற அளவுக்குப் பட்டார்கள்.

ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதிரி வாங்குபவர் கையில் இருந்தது. அதில் முத்திரை இருந்தது. விற்றவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. இன்றைக்கு மாதிரி விற்பவர் கையில் இருக்கிறது. படம் அவருடையது, விவரம் அவருடையது. இன்று 'ஹேண்ட் பெயின்டட்' என்று இருந்தது நாளை 'கலம்காரி பிரிண்ட்' என்று மாறலாம்; நாளை மறுநாள் அந்தப் பக்கமே காணாமல் போகலாம். அண்ணி புகார் செய்யத் தேடியபோது அதுதான் நடந்தது. அவரிடம் பார்சல் பிரித்த வீடியோ இருந்தது, வாங்கின அன்றைய பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் இல்லை. சரக்குக்குச் சாட்சி வைத்தார், மாதிரிக்கு வைக்கவில்லை.

இடையில் தபாலின் காலம் ஒன்று இருந்தது. 1877-ல் வந்த வி.பி.பி. முறைதான் இன்றைய கேஷ் ஆன் டெலிவரிக்குப் பாட்டன். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் கார்டு போட்டால் கைக்கடிகாரமோ ஜோதிடப் புத்தகமோ சர்வரோக நிவாரணியோ வீடு தேடி வரும்; தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பிரிக்க முடியும். பிரித்தால் செங்கல் இருந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. 2024 வரை நடப்பில் இருந்த 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் கீழ், அனுப்புகிறவர் உண்மையாக வந்த ஆர்டருக்குத்தான் அனுப்புகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. மோசடி என்றால் வசூலித்த பணத்தைத் தபால் இலாகா நிறுத்திவைத்து வாங்கியவருக்கே திருப்பித் தரவும் விதி செய்ய இடமிருந்தது. 2010-ல் ஃப்ளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தபோது சிறு ஊர்களின் தயக்கம் உடைந்தது. காசு கையில் இருக்கும்வரை பயம் இல்லை என்ற அந்த நம்பிக்கை பழைய வி.பி.பி. நம்பிக்கைதான். அதிலும் ஓட்டை அதேதான்: காசு போன பிறகே கத்தரிக்கோல்.

சட்டத்துக்கு மாதிரியைப் பற்றி நன்றாகவே தெரியும். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது: சரக்கு மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 15-ஆம் பிரிவு விவரம் சொல்லி விற்பதைப் பற்றியது. மாதிரியும் காட்டி விவரமும் சொல்லி விற்றால், மாதிரியோடு மட்டும் ஒத்திருந்தால் போதாது, விவரத்தோடும் ஒத்திருக்க வேண்டும் என்கிறது அது. தானிய மூட்டையையும் துணிக் கட்டையும் மனதில் வைத்து எழுதிய வாசகம்தான். ஆனாலும் ஆன்லைன் கடைக்கு இதைவிடப் பொருத்தமாக எவரும் எழுதிவிடவில்லை. அங்கே படம் மாதிரி, பக்கத்தில் உள்ள எழுத்து விவரம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து மின்வணிக விதிகள். படமும் விவரமும் பொருளின் தோற்றம், தன்மை, தரம் ஆகியவற்றோடு நேராக ஒத்திருக்கும் என்று விற்பவர்களிடம் தளங்கள் உறுதிமொழி வாங்க வேண்டும் என்கிறது அந்த விதி. விளம்பரப்படுத்தியபடி இல்லாத பொருளை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போடலாம். இப்போது வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். எங்கள் பக்கத்து நுகர்வோர் ஆணையங்கள் இரண்டு: ஒன்று சித்தூரில், மற்றொன்று திருப்பதியில். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணைக் கூப்பிட்டுத் தமிழிலோ தெலுங்கிலோ புலம்பலாம்.

அப்படியும் எழுநூறு ரூபாய்ப் புடவைக்காக ஆணையத்தின் படி ஏறியவரை நான் பார்த்ததில்லை. சோம்பல் என்று சொல்லிவிடலாம். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. நெதர்லாந்து உளவியலாளர் மார்செல் ஸேலன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1998-ல் ஏமாற்றத்தையும் பச்சாத்தாபத்தையும் பிரித்துக் காட்டினார்கள். கிடைத்தது எதிர்பார்த்ததைவிடக் குறைந்து, அதற்குக் காரணம் வெளியே இருக்கிறது என்று தோன்றினால் ஏமாற்றம். நான் வேறு மாதிரி செய்திருக்கலாமே என்று தன்மேலேயே திரும்பினால் பச்சாத்தாபம். இதை வைத்து எங்கள் வீடுகளில் பேச்சைக் கேட்டால் ஒன்று பளிச்சென்று தெரியும். ஆன்லைனில் ஏமாந்தவர் கடைக்காரரைத் திட்டுவதில்லை. "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்பார். "எழுநூறு ரூபாய்க்கு அசல் கலம்காரி வருமா, நமக்கில்ல புத்தி இருக்கணும்" என்பார். வீட்டில் இருப்பவர்களும் ஒத்து ஊதுவார்கள், குறிப்பாக மாமியார்கள். வாங்கியவள் பெண்ணாக இருந்தால் அந்தப் புடவை பீரோவின் அடித்தட்டுக்கு, கணவன் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். ஏமாற்றப்பட்டவர் குற்றவாளிக் கூண்டில் தானே ஏறி நின்றுகொண்டால் வழக்கை யார் போடுவது? விற்றவரின் மிகப் பெரிய பாதுகாப்பு விதியில் உள்ள ஓட்டை அல்ல, நம் வெட்கம்.

வெட்கத்தால் மூடிவைத்த புடவையின் விலையை வாங்கியவர் மட்டும் கொடுப்பதில்லை. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃபின் 1970-ல் வெளியான கட்டுரையை அதற்கு முன்பு மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது முக்கியமாக அந்தக் கட்டுரைக்காக. நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில், எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கிடைக்கும், அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு வெளியேறும், மிஞ்சுவது கெட்டது. உதாரணத்துக்கு அவர் எடுத்தது பழைய கார். ஆனால் அது வெளிவருவதற்கு முன்பு ஒரு வருஷம் டெல்லியில் இருந்துவிட்டுப் போனவர். கட்டுரையின் பின்பகுதியில் இந்திய வீட்டுப் பெண்கள் கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த, அரிசி போலவே இருக்கும் கல்லைப் பொறுக்குவதைச் சொல்கிறார். அந்தக் காட்சியை நாம் அறிவோம்: முறம், மடி, விரல் நுனி. தொட்டுப் பார்த்துக் கல் பொறுக்கிய அந்த விரலுக்குத்தான் கைபேசியில் இடமில்லை.

கலம்காரியில் அந்தக் கல் எது? 'கலம்காரி' என்ற சொல்லே. புவிசார் குறியீடு 'ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி' என்ற பெயரைக் காப்பாற்றும். பொய்யாக அதைப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம்வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் அபராதம். ஆனால் ஊர்ப் பெயரை விட்டுவிட்டுக் கலம்காரி டிசைன், கலம்காரி ஸ்டைல், கலம்காரி பிரிண்ட் என்று போட்டால் அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து எளிதாக நழுவிவிடலாம். பொய் என்றும் சொல்ல முடியாது; பிரிண்ட் என்பது பக்கத்தின் அடியில், 'மேலும் படிக்க' என்பதற்குக் கீழே, எழுதியிருக்கத்தான் செய்கிறது. திருக்காளத்தியில் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய புடவையும், சூரத்தில் நிமிஷக்கணக்கில் அச்சாகி வந்ததும் தேடல் பெட்டியில் ஒரே சொல்லைத் தட்டினால் அக்கம்பக்கமாக வந்து நிற்கின்றன. ஒன்றின் விலை ஆயிரங்களில், மற்றது நூறுகளில். மலிவானதை வாங்கி ஏமாந்தவர் 'இந்தக் கடை மோசம்' என்று சொன்னால் பரவாயில்லை. 'கலம்காரியே இவ்வளவுதான்' என்கிறார். அடுத்த முறை ஆந்திர அரசின் லேபாக்ஷி கைவினை விற்பனை நிலையத்தில் அசலைப் பார்த்தாலும் விலைச்சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்கிறார்.

மேலே சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். படத்தில் இருந்த மாதிரி இல்லை என்று அண்ணி சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். சில நாள் கழித்து, அதே புடவை வேறு பெயரில் வேறு கடையில் வந்தபோது படத்தையும் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மயில் மயிலாக, கொடி கொடியாக, நிறம்கூட ஏறக்குறைய, எல்லாம் ஒத்தது. படத்தில் இருந்த மாதிரியேதான் வந்திருக்கிறது. இயந்திரம் அச்சிட்டதைப் படம் எடுத்தார்கள்; இயந்திரம் அச்சிட்டதையே அனுப்பினார்கள். ஒத்துப்போகாதது கலம்காரி என்ற சொல்லும், அந்தச் சொல்லைக் கேட்டு அண்ணியின் மனதில் விரிந்த துணியும். 1930 சட்டத்தின் மொழியில் சொன்னால் சரக்கு மாதிரியோடு பொருந்தியது, விவரத்தோடு பொருந்தவில்லை. அண்ணிக்கு அந்தப் பிரிவு தெரியாது. அதனால்தான் முதலில் தவறான வாக்கியத்தைச் சொன்னார். இரண்டாவது வாக்கியம் சரியாக இருந்தது.

அசலுக்கு நேர் எதிர்ச் சிக்கல். விவரத்தோடு பொருந்தும், படத்தோடு பொருந்தாது. இந்தத் தடவை வேகவைத்த வேர்ச்சாயம் போன தடவை மாதிரி சிவக்காது. தண்ணீரின் உப்பு, வெயிலின் சூடு, துணி கடுக்காயைக் குடித்த அளவு, எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். இரண்டாவது புடவையில் சரஸ்வதியின் மூக்கு கொஞ்சம் கூர்மையாகிவிடும். எழுதுகிறவர் ஒரு புடவையைப் படம் எடுத்துப் போட்டு, ஆர்டர் வந்ததும் இன்னொன்றை எழுதி அனுப்பினால், விதி கேட்கும் 'நேரான ஒப்பு' அங்கே இருக்காது. படத்தோடு ஒத்திருப்பதே நேர்மை என்று வைத்த விதி, அச்சு இயந்திரத்துக்குத் தைத்த சட்டை. கைவேலைக்காரர் அதைப் போட்டுக்கொண்டால் தோள் பிடிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் படம் போடலாம் என்பார்கள். போடுகிறார்கள், அதற்கு ஆகும் நேரமும் நல்ல கேமராவும் வெளிச்சமும் அவர்கள் கூலியில்தான் கழிகிறது. பழைய கோட்டைக் கிடங்கில் பிடித்தம் போய் விழுந்த இடம் ஞாபகம் இருக்கும்.

போன வருஷம் அண்ணியின் மகள் நிச்சயத்துக்கு நானே முன்நின்று திருக்காளத்தியில் எழுதியதாக உறுதியாகத் தெரிந்த ஒரு துப்பட்டாவை ஆன்லைனில் வரவழைத்தேன். விலை கணிசம். வழக்கம்போலக் கத்தரிக்கோல், வழக்கம்போல வீடியோ. கறுப்புக் கோடு சில இடத்தில் தடித்திருந்தது. சிவப்பு, படத்தில் இருந்ததைவிடச் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. பின்பக்கம் முன்பக்கம் போலவே தெளிவாக இருந்தது. அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. மகள் முகத்தருகே கொண்டுபோய்ச் சட்டென்று விலக்கினாள். "பால் திரிஞ்ச வாடை வருது சித்தப்பா." நான் எருமைப்பாலையும் கடுக்காயையும் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் கைபேசியில் திருப்பி அனுப்புவதற்கான காரணங்களின் பட்டியலைத் திறந்திருந்தாள். ஏழெட்டு இருந்தன. மேலிருந்து இரண்டாவதைத் தொட்டாள்: படத்தில் இருந்த மாதிரி இல்லை.